முதல் ஆளாகப் போன நாய்

செத்த பிறகும் ஒருவன் கண் விழித்து வேலை பார்க்க வேண்டும் என்றால், அந்த வேலைக்கு யார் மனுப் போடுவார்கள்? நினைவுக்காட்டைக் கண்டுபிடித்த பெரிய மூளைகளுக்கு இந்தச் சின்னக் கேள்வி தோன்றவில்லை. கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்த பிறகுதான் தோன்றியது.

நினைவுக்காடு ஒன்றும் மர்மமான சமாச்சாரம் இல்லை. இறந்தவரின் நினைவு முழுவதையும் மலைப்பாறைக்கு அடியில் ஒரு குளிர்ந்த பெட்டகத்தில் வைப்பார்கள். உறவுக்காரர்கள் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் எழுந்து வந்து அரை மணி நேரம் பேசுவார். கொஞ்சம் அழுகை, கொஞ்சம் சண்டை, பாதியில் விட்ட பழைய குறைகள். மணி அடித்ததும் அவர் மறுபடி தூங்கப் போய்விடுவார்.

சிக்கல் அந்தத் தூக்கத்தில்தான் இருந்தது. பக்கம் பக்கமாகத் தூங்கும் நினைவுகள், காவல் இல்லாவிட்டால், தண்ணீரில் போட்ட உப்பாக ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். சமவெளியில் திறந்த முதல் காட்டில் ஒரு பெண் தன் அப்பாவைக் கூப்பிட்டாள். வந்தவர் அப்பாவின் குரலில் யார் வீட்டுப் பேரன்களையோ விசாரித்தார். எல்லையில் ஒரு மனசாவது எப்போதும் விழித்திருந்தால்தான் மற்றவர்கள் அவரவராக இருப்பார்கள் என்று அதன் பிறகு தெரிந்தது. முதலில் உள்ளே போகிறவரைச் சுற்றித்தான் எல்லை உருவாகும் என்பதால், முதலாள்தான் காவலாள் என்று விதி எழுதினார்கள். அந்தச் சமவெளிக் காட்டைச் சரிசெய்து மறுபடி திறந்தபோது ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் முதலாளாகப் போனார். எட்டு வருடம் தனியாக விழித்திருந்த பிறகு, யார் கூப்பிட்டாலும் வாய்ப்பாடு மட்டும் சொல்லத் தொடங்கினார்.

இந்தச் செய்தி குன்னூருக்கு மேலே இருக்கும் ஆஷ்கோம்ப் எஸ்டேட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாமல் ஊர் அதை ஆசுகும்பு என்றே சொல்லும். அங்கேயும் ஒரு நினைவுக்காடு கட்டி, யாரும் முதலில் போக முன்வராமல், அது காலியாகவே கிடந்தது. காலிக் காட்டுக்கு ஒரு காப்பாளர் இருந்தாள். பெயர் யோகமலர். அந்த எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசையில், ஒரு லயன் வீட்டிலேயே பிறந்து, படித்து, அதே எஸ்டேட்டுக்கு அதிகாரியாகத் திரும்பி வந்தவள். பேசி முடிப்பதற்குள் தீர்மானித்துவிடுகிற பெண் என்று அவளைச் சொல்வார்கள். அது புகழ்ச்சியா என்று அவளுக்கு ஒருநாளும் நிச்சயமாகத் தெரிந்ததில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம், காலை பதினொரு மணிக்கு மேல்சரிவு மொத்தமாக இறங்கியது. மழைக்கு ஒதுங்கி, ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் கொட்டகையில் நின்றிருந்த அறுபத்து மூன்று பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஒருவன் யோகமலரின் கணவன் செல்லத்துரை. துரைமார் ஆண்ட எஸ்டேட்டில் பேரிலாவது துரையாக இருந்த ஒரே தொழிலாளி நான்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

வருகைப் பதிவுக்காக நிர்வாகம் ஒவ்வொரு தொழிலாளி நெற்றியிலும் ஒரு பட்டை கட்டிவிட்டிருந்தது. யார் எப்போது வந்தார்கள் என்று பார்ப்பதற்காகக் கட்டிய பட்டை, அவர்கள் நினைத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது. ஆனால் ஒன்பது நாள்தான் தாங்கும். அதற்குள் நினைவுக்காட்டில் சேர்க்காவிட்டால் எல்லாம் அழிந்துபோகும்.

அறுபத்து மூன்று வீடுகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு இருந்தன. எல்லாருக்கும் தங்கள் ஆள் வேண்டும், யாருக்கும் தங்கள் ஆள் முதலில் போக வேண்டாம். குறை சொல்லவும் முடியாது. பெற்ற மகனை வாய்ப்பாடு சொல்ல அனுப்ப எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்? ஏழாம் நாள் கூட்டத்தில் எல்லாருடைய கண்ணும் மெல்ல யோகமலர் பக்கம் திரும்பியது. காப்பாளரம்மா வீட்டுக்காரரே முதலில் போனால் என்ன என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் உடனே தீர்மானம் சொல்கிறவள் அன்றைக்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்று கூட்டத்தைக் கலைத்தாள்.

அன்று மாலை அவளுடைய வகுப்புத் தோழன் ஞானதாஸ் வந்தான். எஸ்டேட்டின் பழைய வெள்ளைக்காரர் கோயிலுக்கும் அதன் கல்லறைத் தோட்டத்துக்கும் அவன்தான் பொறுப்பு. ஊர் வம்பு முழுவதும் அவனிடம் வந்து இளைப்பாறிவிட்டுத்தான் போகும். ஒரு பழைய பதிவேட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

"இந்த ரோதனை நமக்கு மட்டும் இல்ல மலரு, அவங்களுக்கும் இருந்திருக்கு" என்றான். "அவங்க ஊர்ல புதுசா ஒரு கல்லறைத் தோட்டம் போட்டா, முதல்ல புதைக்கிற ஆளு மோட்சத்துக்குப் போக முடியாதாம். கடைசி நாள் வரைக்கும் மத்தவங்களுக்குக் காவல் நிக்கணுமாம். யாரு சம்மதிப்பா? அதனால முதல்ல ஒரு கருப்பு நாயைப் புதைச்சிருவாங்களாம். அப்புறம் அது கண்ணு ரெண்டும் நெருப்பா எரிய, கன்னுக்குட்டி தண்டிக்கு ராவெல்லாம் மதிலைச் சுத்தி வருமாம். பார்த்தவன் பொழைக்க மாட்டான்னு ஒரு பேச்சு, அது திருடனுக்குத்தான்னு இன்னொரு பேச்சு. நம்ம கோயில் ஏட்டுல முதல் வரியைப் பாரு."

யோகமலர் பார்த்தாள். நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய மங்கிய மையில் முதல் வரியில் மனிதப் பெயர் இல்லை. ஒரு கருப்பு நாய், வயது தெரியாது என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்குக் கீழேதான் துரைமாரும் துரைசானிகளும் வரிசையாக வந்தார்கள்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் அவள் வீட்டு வாசலில் ஒரு கருப்பு நாய் படுத்திருந்தது. செல்லத்துரை குட்டியாகத் தூக்கி வந்து, கருவாயன் என்று பெயர் வைத்து, தன் தட்டிலிருந்து ஊட்டி வளர்த்த நாய். ஏழு நாளாக அது பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

நாயின் மனசு எல்லையைத் தாங்கும் என்று கருவிகள் சொல்லின. ஒன்றுதான் கஷ்டம். உடம்பு வெளியே உயிரோடு இருந்தால், உள்ளே போன நினைவு நிலைக்காமல் திரும்பத் திரும்ப வெளியே ஓடிவந்துவிடும். எட்டாம் நாள் யோகமலர் செல்லத்துரையின் மாற்றுப் பட்டையை நாயின் நெற்றியில் கட்டினாள். ஒன்பதாம் நாள் காலை, பாலில் நனைத்த பன்னை அவள் கையால் கொடுத்தபோது அது தின்றது. அத்தனை நாளுக்குப் பிறகு அவள் கொடுத்தாள் என்று தின்றது. பிறகு மருத்துவர் தந்த ஊசியை அவளே போட்டாள்.

அறுபத்து மூன்று பேரும் பத்திரமாக உள்ளே போனார்கள். ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் அவள் தன் கணவனை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வாரந்தோறும் மற்ற வீட்டார் வந்து கூப்பிட்டுப் பேசுவதற்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் வெளியே நிற்பாள். கருவாயன் எங்கே என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குப் பயந்து பன்னிரண்டு வருடம் புருஷன் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

நாயை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்ணாடி மாட்டினால் மலைச்சரிவின் மேலேயே நினைவுக்காடு தெரியும். தேயிலைக்கு நடுவே, மூடுபனியில், எல்லையோரமாக அது நடந்துகொண்டிருக்கும். காவல் காக்கும் எல்லை எவ்வளவோ அவ்வளவுதான் காவலாளின் உருவம். முதல் வருடம் கன்றுக்குட்டி அளவில் இருந்தது. பிறகு சுற்று வட்டார எஸ்டேட்டுகளும் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்க, உள்ளே நாலாயிரம் பேர் ஆனார்கள். நாய் யானையளவு ஆனது, பிறகு ஃபேக்டரி அளவு ஆனது. கண் இரண்டும் கொதிகலன் கதவைத் திறந்தது மாதிரி சிவந்து எரியும். அது ஒரு காலைத் தூக்கி வைத்தால் பனி விலகி வழிவிடும். சத்தம் மட்டும் இருக்காது. பார்க்க வருகிறவர்கள் தங்களையறியாமல் செருப்பைக் கழற்றுவார்கள். சிலர் சூடம் ஏற்றினார்கள். கண்ணாடி இல்லாமலே பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. யோகமலருக்கும் ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். பயத்தில் இல்லை. இத்தனை பெரியதாக ஒன்று, இத்தனை வருடமாக, தான் அனுப்பிவைத்த ஒரே காரணத்துக்காகத் தூங்காமல் நடக்கிறதே என்றுதான்.

பன்னிரண்டாம் வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து பிரணவன் என்ற பொறியாளர் வந்தார். மரியாதையான மனிதர், குளிருக்கு மூன்று சட்டை போட்டிருந்தார். காவல் வேலையை இனி ஒரு கருவியே செய்துவிடும், நாளை மதியம் மாற்றிவிடலாம் என்றார். ஓர் எல்லையில் இரண்டு காவல் இருக்க முடியாது, ஆகவே நாயின் நினைவை அழிக்க வேண்டியிருக்கும் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். காப்பாளர் கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாது. அதோடு முதலாளின் தற்போதைய நிலை என்ன என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும்.

யோகமலர் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு தடவை கொன்றது போதாதா என்று இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு வருடம் கண் மூடாத ஒரு ஜீவனுக்கு இதைவிட வேறென்ன விடுதலை தர முடியும்? பார்வை நேரம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நாலேகால் மணிக்கு, திரையில் முதலாளின் பக்கத்தை முதல்முறையாகத் திறந்தாள். எல்லை நலமாக இருக்கிறதா என்ற பச்சை விளக்கை மட்டும்தான் எல்லாரும் பார்த்து வந்தார்கள். இந்தப் பக்கத்தை யாரும் கேட்டதும் இல்லை, அவளுக்குப் பார்க்கத் தைரியம் இருந்ததும் இல்லை.

உறக்கம் என்று காட்டியது. அவள் பின்னோக்கித் தள்ளினாள். நேற்றும் உறக்கம். போன மாதம், போன வருடம், பதினோரு வருடத்துக்கு முன்னாலும் உறக்கம். பார்வையாளர்கள் வரும் நேரத்தில் மட்டும் விழிப்பு.

பச்சை விளக்கு பொய் சொல்லியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். காவலாள் தூங்கியிருந்தால் உள்ளே இருப்பவர்கள் எப்போதோ கரைந்திருக்க வேண்டும். வாராவாரம் வருகிறவர்களுடன் பேசியது யார்? அவரவர் ஆட்களா, அல்லது கரைந்த கஞ்சியிலிருந்து ஒரு கரண்டியா? இதைத் தெரிந்துகொள்ள அவளிடம் ஒரே வழி இருந்தது. தனக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு மனிதனைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒளிந்திருந்த கேள்வியைவிட, அவன் அவனாக இல்லாமல் போயிருப்பானோ என்ற பயம் பெரிதாக இருந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

மூடுபனி தேயிலையின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டியதும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். நாய் படுத்திருந்தது. நடக்கிற நாயைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. சரிவு முழுவதையும் அணைத்துக்கொண்டு, வாலை மூக்கோடு சேர்த்துச் சுருண்டு, ஒரு கருத்த மலையே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு வெளியே வரும்போது பனி பள்ளத்தாக்கு வரை ஓடியது. அந்த நெருப்புக் கண்கள் மூடியிருந்தன.

அதைச் சுற்றி எல்லை நெடுகிலும், பத்தடிக்கு ஒருவராக, ஆட்கள் நின்றிருந்தார்கள். பெண்கள் பனிக்குத் தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டிருந்தார்கள். ஒருவர் கையில் தகரம், இன்னொருவர் கையில் தீப்பந்தம். கண்ணுக்கு எட்டியவரை, அடுத்த மலையின் தோள் வரை, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. யோகமலருக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது, லயனில் பிறந்தவள் அல்லவா. யானை இறங்குகிற மாதங்களில் லயன் வீடுகள் காவல் நிற்பது இப்படித்தான். வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு மணி நேரம், முறை வைத்து. அவள் ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நாயின் தலைமாட்டில் ஒருவன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பிரம்மாண்டமான மூக்கின் நுனி மட்டும் அவன் மடியில் இருந்தது. அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

"சத்தம் போடாத மலரு. இப்பத்தான் கண்ணசந்துச்சு."

செல்லத்துரைதான். ஒரு துளிகூடக் கரையாத செல்லத்துரை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அவள் அழுது முடிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். பிறகு தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். முதல் மாதம் அவன் அக்கா வந்து கூப்பிட்டபோது விழித்திருக்கிறான். திரும்பித் தூங்கப் போகும் வழியில் எல்லையில் கருவாயன் தனியாக நடப்பதைப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அது அவன் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறது. எல்லை அசையவில்லை. எந்த மனசாவது விழித்திருந்தால் போதும், முதல் மனசுதான் என்று கட்டாயம் இல்லை. இரண்டு நாள் அவனே விழித்திருந்து, முடியாமல் போனபோது பக்கத்தில் தூங்கிய கங்காணியை எழுப்பினான். பிறகு அவர் இன்னொருவரை எழுப்பினார். எல்லை பெரிதாகப் பெரிதாகப் பத்தடிக்கு ஒருவர் தேவைப்பட்டார். இப்போது நாலாயிரம் பேருக்கும் முறை உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

இத்தனை வருடமாக வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவள் கேட்டாள். செல்லத்துரைக்குச் சிரிப்பு வந்தது. அனுமதி இல்லாமல் விழித்திருப்பது உள்ளே குற்றம், தெரிந்தால் எல்லாரையும் எழ முடியாத தூக்கத்தில் போட்டுவிடுவார்கள். அதனால் பார்வை நேரத்தில் மற்றவர்கள் படுத்துவிடுவார்கள், கருவாயன் மட்டும் எழுந்து நடக்கும். எஸ்டேட்டில் நிர்வாகத்துக்குத் தெரியாமல் எத்தனை காரியம் நடந்திருக்கிறது, இதுவும் ஒன்று என்றான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க."

"நீதானே நிர்வாகம்" என்றான் அவன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அதனால் அவளுக்கு இன்னும் வலித்தது.

கேட்காமல் விட்ட கேள்வியை அவளே எடுத்தாள். "அப்படின்னா முதல்ல போறவங்களே தனியா காவல் நிக்கணும்னு இல்ல. அன்னைக்கு அறுபத்து மூணு பேரும் ஆளுக்கு ஒரு மணி நேரம்னு சொல்லியிருந்தா போதும். நான் இதைக் கொன்னிருக்கவே வேண்டாங்க. உங்க நாயை நான் என் கையால, பன்னு குடுத்து..."

"தெரியும். எல்லையில நிக்கறவனுக்கு இது நினைச்சது எல்லாம் தெரியும்." அவன் நாயின் மூக்கை மெல்லத் தடவினான். "ஆனா முதல் மாசம் இது தனியா நடந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கே வெக்கம் வந்துச்சு மலரு. நாங்க உயிரோட இருந்தப்ப எங்கள்ல ஒருத்தனும் முதல்ல போறேன்னு முன்னாடி வரலையே. நீ வேற என்ன பண்ணுவ?"

நாளை மதியம் வரப்போகும் கருவியைப் பற்றி அவள் சொன்னாள். அது வந்தால் யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை, எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம். நாயை என்ன செய்வார்கள் என்று அவன் கேட்டான். அவளும் மறைக்காமல் சொன்னாள். அவன் அந்த மூக்கை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னான். அந்தப் பெண் அடுத்த ஆளிடம் சொன்னாள், அவர் அதற்கடுத்த ஆளிடம். தீப்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைசாய்த்துக் கேட்பதைப் போல அசைந்தன. சேதி வெகுதூரம் போய், வெகுநேரம் கழித்துப் பதில் திரும்பி வந்தது.

"வேண்டாமாம்" என்றான் செல்லத்துரை. "எங்க முறையை நாங்க பார்த்துக்கறோம்னு சொல்லச் சொன்னாங்க."

அலுவலகத்தில் பிரணவன் அடுப்புக்குப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். யோகமலர் படிவத்தை எடுத்து, முதலாளின் நிலை என்ற கட்டத்தில், நலம், மாற்றத் தேவையில்லை என்று எழுதினாள். கருவிக்கான கையெழுத்தைப் போடவில்லை. மேலே கேட்டால் என்ன சொல்வது என்று அவர் தவித்தார். பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூடக் கரையவில்லை என்று சொல்லுங்கள், அந்தக் கணக்கு வாத்தியாருக்குத் துணையாகப் பக்கத்தில் ஒருவரை எழுப்பி உட்கார வைத்துப் பாருங்கள் என்றும் சொல்லுங்கள் என்றாள். அவர் அதைப் புரியாமல் குறித்துக்கொண்டார்.

அவள் மறுபடியும் சரிவுக்கு வந்தபோது ஐந்தரை மணி இருக்கும். செல்லத்துரையின் முறை முடிந்திருந்தது. அடுத்து வரவேண்டிய ஆளை அவன் எழுப்பப் போனான். அவள் தடுத்தாள். உயிரோடு இருப்பவர்கள் நின்றால் எல்லை தாங்குமா என்று கேட்டாள். தெரியாது, யாரும் நின்றதில்லை என்றான். ஒரு பார்வை அவளைப் பார்த்துவிட்டு, நாயின் தலைமாட்டைக் காட்டினான். தாங்காவிட்டால் அது விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றான்.

அவன் தூங்கப் போனான். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஊசி போட்ட கை அது. கண்ணாடி வழியாகத் தெரியும் எதையும் தொட முடியாது என்று தெரிந்தும், அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்தாள். கருத்த மலை ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்து மோப்பம் பிடித்தது. காது ஒன்று லேசாக அசைந்தது.

பிறகு அது தலையை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, தொடர்ந்து தூங்கியது.